பிரிட்டனின் தேசியப் பூங்கா வாரியங்களில் யார் உட்காருகிறார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தின் தேசியப் பூங்காக்களை நடத்தும் ஆணையங்களுக்கு உறுப்பினர்கள் தேவை என்று அரசு அவ்வப்போது விளம்பரம் செய்கிறது. லண்டன் தமிழர்களில் அந்த விளம்பரம் கண்ணில் பட்டவர்களே குறைவு. பட்டவர்களும் "இது நமக்கில்லை" என்று கடந்துவிடுகிறார்கள். நமக்கும்தான் என்பது என் உறுதியான கருத்து. இதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்து, தெரிந்த அளவில் பதில் எழுதியிருக்கிறேன்.

இங்கே தேசியப் பூங்கா என்றால் காடா?

இல்லை. முதுமலை மாதிரி வனத்துறை காக்கும் காடு என்று நினைத்துக்கொண்டு போனால் குழப்பமாகிவிடும். பிரிட்டனில் பூங்காவுக்குள்ளேயே ஊர்கள், ஆட்டுப் பண்ணைகள், பள்ளிக்கூடங்கள், பப், கல் குவாரி எல்லாம் உண்டு. நிலத்தில் பெரும்பகுதி தனியாருக்கோ நேஷனல் டிரஸ்ட் போன்ற அமைப்புகளுக்கோ சொந்தம். 1949இல் வந்த சட்டத்தின் கீழ் 1951இல் முதலாவதாக பீக் டிஸ்ட்ரிக்ட் அறிவிக்கப்பட்டது. இன்று இங்கிலாந்தில் 10, வேல்ஸில் 3, ஸ்காட்லாந்தில் 2 என மொத்தம் 15 பூங்காக்கள்.

இவற்றுக்கு அடுத்த நிலையில் 'நேஷனல் லேண்ட்ஸ்கேப்' என்ற பகுதிகள் இருக்கின்றன. 2023 நவம்பர் வரை 'சிறப்பான இயற்கை அழகுப் பகுதி' என்ற பொருளில் வேறு பெயர் இருந்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்த்து 38. சர்ரே ஹில்ஸ், சில்டர்ன்ஸ், காட்ஸ்வோல்ட்ஸ் எல்லாம் இந்த வகை.

இவற்றை யார் நிர்வகிக்கிறார்கள்?

ஒவ்வொரு தேசியப் பூங்காவுக்கும் தனி ஆணையம் உண்டு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1995ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் சட்டம்தான் அதற்கு அடித்தளம். நார்ஃபோக் பக்கம் இருக்கும் பிராட்ஸ் நீர்நிலைப் பகுதிக்கு மட்டும் 1988இல் தனிச் சட்டம் போட்டார்கள். நேஷனல் லேண்ட்ஸ்கேப்களில் சில்டர்ன்ஸுக்கும் காட்ஸ்வோல்ட்ஸுக்கும் சட்டப்படியான பாதுகாப்பு வாரியம் இருக்கிறது. மற்றவை பெரும்பாலும் உள்ளாட்சிக் கவுன்சில்கள் கூடி நடத்தும் கூட்டுக் குழுக்கள்.

தேசியப் பூங்கா ஆணையம் வெறும் ஆலோசனைக் குழு என்று நினைக்க வேண்டாம். பூங்கா எல்லைக்குள் கட்டட அனுமதி கொடுப்பதும் மறுப்பதும் அதுதான். ஒரு விவசாயி தன் பழைய கொட்டகையை வீடாக மாற்ற வேண்டுமா, ஊர்க்காரர்களுக்கென்று குறைந்த விலை வீடுகள் கட்ட வேண்டுமா, கார் பார்க்கை விரிக்க வேண்டுமா, எல்லாமே அந்த மேசைக்குத்தான் வந்து சேரும்.

அப்படியானால் எல்லோரையும் அமைச்சர்தான் நியமிக்கிறாரா?

இந்த விஷயத்தில் பலருக்கும் தெரியாத முடிச்சு இதுதான். இங்கிலாந்தில் உறுப்பினர்கள் மூன்று வழியாக வருகிறார்கள். முதலாவது, பூங்காவுக்குள் நிலப்பரப்பு உள்ள கவுன்சில்கள் தங்கள் கவுன்சிலர்களை அனுப்புகின்றன. இரண்டாவது, ஊர் அளவிலான பாரிஷ் கவுன்சில்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுத்து அனுப்புகின்றன. இவர்களை முறைப்படி நியமிப்பது அமைச்சர் என்றாலும் தேர்வு அவருடையது இல்லை. மூன்றாவதாக, 'தேசிய உறுப்பினர்கள்'. விளம்பரம் கொடுத்து, நேர்காணல் வைத்து, சுற்றுச்சூழல் துறையான டெஃப்ராவின் அமைச்சர் நியமிப்பவர்கள் இவர்கள்தான்.

எண்ணிக்கையைப் பாருங்கள். பீக் டிஸ்ட்ரிக்ட் ஆணையத்தில் 30 பேர். அதில் தேசிய உறுப்பினர் 8. லேக் டிஸ்ட்ரிக்டில் 20 பேரில் 5. சவுத் டவுன்ஸில் 27 பேரில் 7. சுமாராக நாலில் ஒன்று.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், பூங்காவுக்கு வெளியே நகரத்தில் வாழும் ஒருவருக்கு இந்த நாலில் ஒரு பங்கு மட்டும்தான் வாசல். லண்டனின் ஹாரோவில் மெட்ரோபாலிட்டன் லைன் ரயிலைப் பிடித்தால் அரை மணி நேரம் போலப் பயணம் செய்து அமர்ஷமில் இறங்கி, நடந்தே சில்டர்ன்ஸ் குன்றுகளுக்குப் போய்விடலாம். ஆனால் ஹாரோ கவுன்சில் சில்டர்ன்ஸ் பாதுகாப்பு வாரியத்துக்கு ஆள் அனுப்ப முடியாது. பாரிஷ் வழியும் ஹாரோவாசிக்குக் கிடையாது. மிச்சமிருப்பது அமைச்சரின் நியமனம் ஒன்றுதான். சில நகரங்களுக்கு அதிர்ஷ்டம் உண்டு. ஷெஃபீல்டின் ஒரு பகுதி பீக் டிஸ்ட்ரிக்டுக்குள் வருவதால் அந்த நகரத்துக்கு ஆணையத்தில் இடம் இருக்கிறது, ஓல்டமுக்கும் அப்படியே. பக்கத்திலிருக்கும் மான்செஸ்டருக்கு இல்லை.

பன்முகத்தன்மை குறைவு என்று யார் சொன்னது?

அரசே கேட்டு வாங்கிய அறிக்கை சொன்னது. 2018இல் அப்போதைய அமைச்சர் மைக்கேல் கோவ், ஜூலியன் குளோவர் தலைமையில் ஒரு குழுவை அமைத்தார். 2019 செப்டம்பரில் அறிக்கை வந்தது. இங்கிலாந்தின் தேசியப் பூங்காக்களையும் அழகுப் பகுதிகளையும் நடத்தும் வாரியங்களில் ஏறக்குறைய ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆண்கள், பலர் ஓய்வு பெறும் வயதினர், கறுப்பின, ஆசிய, பிற சிறுபான்மை இனத்தவர் விரல்விட்டு எண்ணும் அளவுதான் என்று அது எழுதியது. எல்லோருக்கும் சேவை செய்ய நாட்டின் பணத்தில் நடக்கும் அமைப்புகளுக்கு இது சரியில்லை என்றும் ஒளிவுமறைவில்லாமல் சொன்னது. வாரியங்களைச் சிறிதாக்கி, தகுதி பார்த்து ஆள் எடுக்க வேண்டும் என்பது அதன் யோசனைகளில் ஒன்று. 2022 ஜனவரியில் அரசு பதில் கொடுத்தது, கருத்துக் கேட்டது. 1995 சட்டம் வகுத்த மூன்று வழி அமைப்பு மட்டும் அப்படியே நிற்கிறது.

கிராமப்புறத்தில் வெள்ளையர்கள்தானே வாழ்கிறார்கள்? வாரியமும் அப்படி இருப்பதில் என்ன தப்பு?

நியாயமான கேள்வி. கேட்பவர்கள் எல்லோரும் இனவெறியர்கள் என்று ஒதுக்கிவிடக் கூடாது. உள்ளூர்க்காரர்களின் குரலுக்கு வாரியத்தில் பெரிய இடம் வேண்டும். அது ஏற்கெனவே இருக்கிறது. கவுன்சில், பாரிஷ் இடங்கள் அதற்குத்தான். பேச்செல்லாம் மீதி இடங்களைப் பற்றியது.

தேசியப் பூங்காவுக்குச் சட்டம் இரண்டு நோக்கங்களை வைத்திருக்கிறது. ஒன்று, இயற்கை அழகையும் வனவிலங்குகளையும் பண்பாட்டு மரபையும் காத்து மேம்படுத்துவது. இரண்டு, அந்த இடத்தின் சிறப்பை மக்கள் புரிந்துகொள்ளவும் அனுபவிக்கவும் வாய்ப்புகளை வளர்ப்பது. இரண்டாவதில் வரும் மக்கள் என்பது பூங்காவுக்குள் வாழ்கிறவர்கள் மட்டும் இல்லை. மத்திய அரசின் மானியமும் எல்லோருடைய வரிப்பணத்திலிருந்தும்தான் போகிறது. 2021 கணக்கெடுப்பின்படி இங்கிலாந்து, வேல்ஸ் மக்கள்தொகையில் 18.3 சதவீதம் பேர் வெள்ளையர் அல்லாதவர்கள்.

வரலாற்றையும் பார்க்க வேண்டும். 1932 ஏப்ரல் 24 அன்று மான்செஸ்டர் பக்கத்துத் தொழிலாளி இளைஞர்கள், பணக்காரர்கள் காட்டுக்கோழி சுடுவதற்காகப் பூட்டி வைத்திருந்த கிண்டர் ஸ்கவுட் மேட்டில் அத்துமீறி நடந்தார்கள். ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். முன்னால் நின்ற பென்னி ராத்மன் ருமேனியாவிலிருந்து வந்த யூதக் குடும்பத்துப் பையன். அப்போது 20 வயது. அந்தக் கிண்டர் ஸ்கவுட்தான் இன்று பீக் டிஸ்ட்ரிக்ட் தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. நகரத்து ஏழைகளும் குடியேறிகளின் பிள்ளைகளும் கேட்டு வாங்கியதில் தேசியப் பூங்காவுக்கும் பங்கு உண்டு. அதே குடும்பங்களின் இன்றைய வாரிசுகள் வாரியத்தில் வெளியாட்களாகத் தெரிவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

வாரியத்தில் யார் இருந்தால் என்ன? மலை மலைதானே?

மலை மாறாது, அங்கே யார் வசதியாகப் போய்வர முடியும் என்பது மாறும். சனி, ஞாயிறில் ஸ்டேஷனிலிருந்து பஸ் விடுவதற்குக் காசு ஒதுக்குவதா, பொதுக் கழிப்பறையை மூடுவதா, கார் பார்க் கட்டணத்தை எவ்வளவு ஏற்றுவது, பாதையில் வேலியைத் தாண்டும் ஏணிப்படிக்குப் பதில் சக்கர நாற்காலி நுழையும் கேட் போடுவதா. இந்த மாதிரிச் சின்ன முடிவுகள்தான் வருபவர்கள் யார் என்பதைத் தீர்மானிக்கின்றன. நம் குடும்பங்கள் கிளம்பும் விதம் தெரிந்ததுதானே: அம்மம்மா, சித்தப்பா, குழந்தைகள் என்று பதினைந்து பேர், புளிச்சாதம், ஒரு பெரிய ஃபிளாஸ்க். இரண்டு பேர் உட்காரும் பெஞ்சும், காரில் வரும் தம்பதியைக் கணக்கில் வைத்துப் போட்ட திட்டமும் அந்தக் கூட்டத்துக்குப் போதாது. மேசையைச் சுற்றி இருப்பவர்களில் ஒருவருக்காவது அப்படிப் போன அனுபவம் இருந்தால், திட்டத்தில் அப்படிப்பட்ட குடும்பங்கள் விடுபட்டிருப்பது கண்ணில் படும்.

பாதுகாப்பு உணர்வும் இதில் அடங்கும். 2021 கிறிஸ்துமஸ் நாளில் முஸ்லிம் நடைப்பயணக் குழு ஒன்று, நூறு பேருக்கு மேல், பீக் டிஸ்ட்ரிக்டில் நடந்தது. சமூக ஊடகத்தில் அவர்களுக்குக் கிடைத்தது வசவு. அப்படிப்பட்ட நேரத்தில் "இந்த இடம் உங்களுக்கும்தான்" என்று ஆணையம் தெளிவாகச் சொல்வதற்கும், பேசாமல் இருப்பதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு.

இட ஒதுக்கீடு உண்டா?

கிடையாது. 2010 சமத்துவச் சட்டம் இந்தியாவில் நாம் அறிந்த மாதிரியான ஒதுக்கீட்டை அனுமதிப்பதில்லை. ஒரே அளவு தகுதியுள்ள இருவர் இறுதியில் நிற்கும்போது, குறைவாகப் பிரதிநிதித்துவம் உள்ள பிரிவைச் சேர்ந்தவரைத் தேர்ந்தெடுக்கலாம் என்று அந்தச் சட்டத்தின் 159ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. அது பொது நியமனங்களுக்கும் பொருந்தும். கட்டாயம் இல்லை, அனுமதிதான்.

இலக்காவது இருந்ததா?

இருந்தது. 2017 டிசம்பரில் வெளியான செயல்திட்டத்தில், 2022க்குள் அரசு நியமனம் பெற்றவர்களில் பாதிப்பேர் பெண்களாகவும், நியமனங்களில் 14 சதவீதம் சிறுபான்மை இனத்தவராகவும் இருக்க வேண்டும் என்று குறிவைத்தார்கள். ஆனால் இது நாட்டின் எல்லா அரசு வாரியங்களுக்கும் சேர்த்துப் பார்க்கும் கணக்கு. கவுன்சில் அனுப்பும் உறுப்பினர்கள் இந்தக் கணக்கிலேயே வரமாட்டார்கள். எனவே ஒரு பூங்கா ஆணையத்தில் தேசிய உறுப்பினர் இடங்களில் எல்லாம் சரியாக நடந்தாலும், முக்கால்வாசி இடங்கள் இருந்தபடியே இருக்கலாம். அமைச்சரை மட்டும் திட்டிப் பயனில்லை. கவுன்சில்கள் யாரை அனுப்புகின்றன என்பதையும் கேட்க வேண்டும்.

தகுதி அடிபட்டுப் போகாதா?

தகுதி என்று எதை எழுதி வைக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. "மூத்த நிர்வாகியாகப் பெரிய அமைப்பில் இருந்த அனுபவம் வேண்டும்" என்று எழுதினால் ஒரே மாதிரி ஆட்கள்தான் வருவார்கள். "பல தரப்பு மக்களோடு பேசி முடிவுக்குக் கொண்டுவந்த அனுபவம்" என்று எழுதினால் வேறு கதவு திறக்கும். இரண்டும் தகுதிதான். இரண்டாவதால் தரம் குறையும் என்ற பயத்துக்கு அடிப்படை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

ஏன் பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்களே வருகிறார்கள்?

நேரம், தூரம், காசு.

கூட்டங்கள் வேலை நாளில், பகல் நேரத்தில் நடக்கும். மாதத்துக்கு இரண்டு மூன்று நாள் தேவைப்படும் என்று விளம்பரத்திலேயே சொல்லிவிடுவார்கள். அதற்குச் சம்பளம் கிடையாது. வருடத்துக்குச் சில ஆயிரம் பவுண்டு உதவித்தொகையும் பயணச் செலவும் கிடைக்கும். ஓய்வூதியம் வாங்குபவருக்கு அது போதும். குழந்தை வளர்த்துக்கொண்டு மணிக்கணக்குச் சம்பளத்தில் வேலை செய்பவருக்குக் கட்டுப்படியாகாது.

தூரம் என்றால் மைல் கணக்கு மட்டும் இல்லை. சவுத் டவுன்ஸ் ஆணையத்தின் தலைமையகம் மிட்ஹர்ஸ்டில் இருக்கிறது. அந்த ஊருக்கு ரயில் கிடையாது; பயணிகள் சேவை 1955இலேயே நின்றுவிட்டது. ஹேஸல்மியரிலோ பீட்டர்ஸ்ஃபீல்டிலோ இறங்கி பஸ் பிடிக்க வேண்டும். பீக் டிஸ்ட்ரிக்ட் அலுவலகம் இருக்கும் பேக்வெல்லிலும் 1967இல் ஸ்டேஷனை மூடிவிட்டார்கள். அந்த ரயில் பாதை இப்போது நடைபாதை. கார் இல்லாத ஒருவர் காலைக் கூட்டத்துக்குப் போக, விடியும் முன்னே வீட்டிலிருந்து கிளம்ப வேண்டியிருக்கும்.

கோவிட் காலத்தில் இங்கிலாந்தின் உள்ளாட்சி அமைப்புகளும் பூங்கா ஆணையங்களும் ஆன்லைனில் முறையான கூட்டம் நடத்தத் தற்காலிக அனுமதி கிடைத்தது. அது 2021 மே 7ஆம் தேதியோடு முடிந்தது. வாக்களிக்க வேண்டுமென்றால் நேரில் வர வேண்டும் என்ற பழைய நிலை திரும்பியது. இளையவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் குழந்தை வைத்திருப்பவர்களுக்கும் அது பெரிய பின்னடைவு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நான் வேலை பார்க்கிறேன். லீவு கிடைக்குமா?

ஊழியராக இருந்தால் சட்டம் உங்கள் பக்கம் கொஞ்சம் இருக்கிறது. 1996 வேலைவாய்ப்பு உரிமைச் சட்டத்தின் 50ஆம் பிரிவின்படி, தேசியப் பூங்கா ஆணைய உறுப்பினராக இருக்கும் ஊழியருக்கு அந்த வேலைக்காக நியாயமான அளவு நேரம் ஒதுக்கித் தர முதலாளி கடமைப்பட்டவர். அந்த நேரத்துக்குச் சம்பளம் தர வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. விண்ணப்பிக்கும் முன்பே மேனேஜரிடம் பேசிவிடுவது நல்லது.

பன்முகத்தன்மை என்றால் நிறம் மட்டும்தானா?

இல்லவே இல்லை. சொந்த நிலம் இல்லாமல் குத்தகைக்கு ஆடு மேய்க்கும் இளம் விவசாயியும் இந்த வாரியங்களில் அபூர்வம்தான். பூங்காவுக்குள் பிறந்து, வீட்டு விலை கட்டுப்படியாகாமல் வெளியே போன இருபத்தைந்து வயதுக்காரருக்கும் இடம் இல்லை. வேல்ஸின் எரிரி பூங்காவில், நாம் ஸ்னோடோனியா என்று படித்த இடத்தில், வெல்ஷ் பேசுபவர்களின் குரல் என்பது தனி விஷயம். 2022 நவம்பரில் அந்த ஆணையம் வெல்ஷ் பெயர்களையே முதன்மையாகப் பயன்படுத்த முடிவெடுத்தது. நகரத்துச் சிறுபான்மையினரையும் கிராமத்து இளைஞர்களையும் எதிரெதிரே நிறுத்துபவர்களை நம்ப வேண்டாம். பகல் கூட்டமும் குறைந்த உதவித்தொகையும் இரு தரப்பையும் ஒரேபோலத்தான் வெளியே தள்ளுகின்றன.

ஸ்காட்லாந்திலும் இதே முறைதானா?

அங்கே ஒரு நல்ல வித்தியாசம் இருக்கிறது. கெய்ர்ன்கார்ம்ஸ் வாரியத்தின் 19 பேரில் 5 பேரைப் பூங்காவுக்குள் வாழும் மக்களே வாக்குப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். லாக் லோமண்ட் பூங்காவிலும் 5 பேர் அப்படி. அரசு வாரியங்களில் பாதிப் பெண்கள் என்ற இலக்கை 2018இல் ஸ்காட்லாந்து சட்டமாகவே இயற்றியது. வேல்ஸில் மூன்றில் இரண்டு பங்கு கவுன்சிலர்கள், மூன்றில் ஒரு பங்கு வெல்ஷ் அரசின் நியமனம்.

விண்ணப்பித்தால் என்ன நடக்கும்?

பிரிட்டிஷ் அரசின் பொது நியமனங்களுக்கான இணையதளத்தில் விளம்பரம் வரும். சுயவிவரமும், கேட்ட தகுதிகளுக்கு நீங்கள் எப்படிப் பொருந்துகிறீர்கள் என்று ஓர் அறிக்கையும் அனுப்ப வேண்டும். அரசு அதிகாரி, பூங்காவின் பிரதிநிதி, வெளியாள் ஒருவர் என்ற மாதிரி ஒரு குழு வடிகட்டி நேர்காணல் நடத்தும். நியமிக்கத் தகுந்தவர்கள் பட்டியல் அமைச்சருக்குப் போகும்; கடைசி முடிவு அவருடையது. முறை ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்கப் பொது நியமன ஆணையர் ஒருவர் இருக்கிறார். ஒருவர் பொதுவாக இரண்டு தவணைக்கு மேலோ பத்து வருடத்துக்கு மேலோ ஒரே பதவியில் தொடரக் கூடாது என்பது நெறிமுறை. ஆகவே இடங்கள் காலியாகிக்கொண்டே இருக்கும்.

என்னிடம் சுற்றுச்சூழல் படிப்பு இல்லையே?

பெரும்பாலான இடங்களுக்கு அது தேவையில்லை. நம்மவர்கள் தங்களைக் குறைத்து எடைபோடுவது இங்கேதான். கோயில் அறங்காவலராக இருந்து, சாரிட்டி கமிஷனுக்குக் கணக்குக் காட்டி, கட்டட விரிவாக்கத்துக்குக் கவுன்சிலிடம் அனுமதி வாங்கி, தேர்த் திருவிழா அன்று அக்கம்பக்கத்து வெள்ளைக்காரர்களின் பார்க்கிங் புகாரைச் சமாளித்த ஒருவரிடம் இல்லாத அனுபவமா? சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி நடத்துபவர் பட்ஜெட், தன்னார்வலர்கள், குழந்தைப் பாதுகாப்பு மூன்றையும் ஒன்றாகப் பார்க்கிறார். இவற்றை "சமூக சேவை செய்தேன்" என்று ஒரே வரியில் எழுதிவிடாதீர்கள். என்ன பிரச்சினை வந்தது, நீங்கள் என்ன செய்தீர்கள், என்ன ஆனது என்று எழுதுங்கள். மதிப்பெண் போடும் குழு அதைத்தான் தேடும்.

அப்புறம், எந்தப் பூங்காவுக்கு விண்ணப்பிக்கிறீர்களோ அதன் மேலாண்மைத் திட்டத்தைப் படியுங்கள். ஆணையக் கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவை. ஒரு தடவை போய்ப் பின் வரிசையில் உட்கார்ந்து பாருங்கள்.

ஒருவர் மட்டும் போய் என்ன செய்ய முடியும்?

தனியாக உட்காருவது கஷ்டம்தான். எல்லா இன விவகாரத்துக்கும் அவர் முகத்தைப் பார்ப்பார்கள். ஆட்டுத் தீவனத்தைப் பற்றிப் பேச வந்தவரிடம் "உங்கள் சமூகம் என்ன நினைக்கிறது" என்பார்கள். அதனால்தான் ஒரே வாரியத்தில் ஒரே சமயத்தில் இரண்டு மூன்று பேராவது இருக்க வேண்டும் என்று சொல்கிறேன். புதிதாக வருபவருக்கு ஒரு பழைய உறுப்பினரைத் துணைக்கு வைப்பது ஆணையங்கள் செலவில்லாமல் செய்யக்கூடிய வேலை.

முதல் தடவை கிடைக்கவில்லை என்றால்?

எங்கே மதிப்பெண் குறைந்தது என்று கேட்டு வாங்குங்கள். நேர்காணல் வரை போனவர்கள் கேட்கத் தயங்கவே வேண்டாம். இடையில் வேறு இடங்களும் இருக்கின்றன. 2000ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பூங்கா ஆணையங்களும் நெடுஞ்சாலைப் பொறுப்புள்ள கவுன்சில்களும் 'லோக்கல் ஆக்சஸ் ஃபோரம்' என்ற ஆலோசனைக் குழுவை வைத்திருக்க வேண்டும். நடைபாதைகள், திறந்த வெளிக்குப் போகும் உரிமை பற்றி அவை ஆலோசனை சொல்கின்றன. லண்டனுக்குப் பக்கத்துக் கவுன்டிகளிலும் அவற்றுக்கு ஆள் எடுக்கிறார்கள். போட்டி அவ்வளவு கடுமையாக இருக்காது. அடுத்த விண்ணப்பத்தில் எழுத நல்ல அனுபவமும் கிடைக்கும்.